அந்த பிடிஎஃபை அனுப்பாதீர்கள்

புத்தகக் கண்காட்சியில் வெளியான நாவல், கண்காட்சி முடியும் முன்பே வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. பக்க ஓரத்தில் யாருடைய கட்டைவிரலோ தெரிகிறது. கீழே 'படியுங்கள், பகிருங்கள்' என்று ஒரு வரி, இரண்டு கும்பிடு. அதை அடுத்த குழுவுக்குத் தள்ளாதீர்கள். சில நூறு பிரதிகளை விற்கவே தமிழ்ப் பதிப்பகங்கள் திணறுகின்றன. அந்தச் சில நூறு பேரும் உங்கள் குழுக்களில்தான் இருக்கிறார்கள்.

இலக்கியச் சேவை என்கிறீர்களா? சேவைக்கு நேர்வழி இருக்கிறது. மதுரைத் திட்டத்தில் 1998 முதல் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து இலவசமாகத் தருகிறார்கள். அங்கே போய் நாலு பக்கம் தட்டச்சு செய்யுங்கள். கல்கியின் எழுத்து நாட்டுடைமை. ஊருக்கெல்லாம் அனுப்புங்கள், யாரும் கேட்கமாட்டார்கள். நம் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை நூலுக்கு உரிமை உண்டு. உயிரோடிருந்து, அடுத்த நாவலுக்கு நேரம் தேடிக்கொண்டிருப்பவரிடம் கைவைக்காதீர்கள்.

பதிப்பாளர்களே, வாசகரைத் திட்டிவிட்டு நீங்கள் தப்ப முடியாது. பழைய எழுத்துருக் கோப்பை அப்படியே யூனிகோடுக்கு மாற்றி, ஒருமுறைகூடப் படித்துப் பார்க்காமல் கிண்டிலில் ஏற்றுகிறீர்கள். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். இதற்குக் காசு கொடுத்தவர் அடுத்த முறை டெலிகிராமில் தேடினால் பாதிப் பழி உங்களுடையது.

அதைவிட மோசம், அச்சுக்கு மட்டும் கையெழுத்து வாங்கிவிட்டு மின்நூலையும் விற்பது. 2009 ஜூலையில் ஆர்வெல்லின் '1984' நூலை, வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே அமேசான் அழித்தது. விற்றவரிடம் உரிமை இல்லை என்பதுதான் காரணம். பணம் திரும்பி வந்தது; ஆனால் காசு கொடுத்து வாங்கினாலும் நூல் கையில் நிற்காது என்று வாசகர் கற்றுக்கொண்டார். அந்தப் பாடத்தைத் தமிழிலும் நடத்தாதீர்கள். மின்நூலுக்குத் தனியாக ஒப்பந்தம் போடுங்கள். ராயல்டி கணக்கை எழுத்தாளர் கேட்டு நச்சரிக்கும் வரை காத்திருக்காமல் ஆண்டுதோறும் அனுப்புங்கள்; பத்து பிரதி விற்றிருந்தாலும் சரி.

வாசகர்களே, விலை கூடுதல் என்று தோன்றினால் பதிப்பகத்துக்கு எழுதுங்கள், பிழை கண்டால் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். குழு நிர்வாகியாக இருப்பவர்கள் அந்தக் கூகுள் டிரைவ் இணைப்பை இன்றே நீக்குங்கள். நாலு பேர் கோபித்துக்கொண்டு வெளியேறுவார்கள். போகட்டும்.