இலவசத்தை விற்பது பற்றி

நின்றுபோன ஒரு சிற்றேட்டின் பழைய இதழ்களை இணையத்தில் ஏற்றி வைக்கலாம் என்று நண்பர்கள் ஆறு பேர் ஆளுக்கு 2,000 ரூபாய் போட்டோம். தளம் அமைத்துத் தந்த இளைஞர் 12,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். வெள்ளைப் பரப்பு, இடப்பக்கம் மெல்லிய கறுப்புக் கோடு, தலைப்பில் மட்டும் ஒரு சிவப்பு. எங்கள் ரசனைக்கென்றே செய்தது போலிருந்தது. ஒரு வருஷம் கழித்து, நாய் வளர்ப்போருக்கான ஒரு தளத்தில் அதே வெள்ளையையும் கோட்டையும் சிவப்பையும் பார்த்தேன். அங்கே பக்கத்தின் அடியில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. வடிவமைத்தவரின் பெயர். அதைத் தொட்டால் அவருடைய பக்கம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம் என்று அந்த வடிவம் அங்கே கிடந்தது. எங்கள் தளத்தில் அந்த அடிவரி இல்லை.

திருட்டு என்றார் நண்பர் ஒருவர். அப்படி இல்லை என்று தெரிந்துகொள்ள எனக்குச் சில நாட்கள் பிடித்தன.

இந்த இயக்கத்தின் மூலபுருஷர் என்று சொல்லத்தக்க ரிச்சர்ட் ஸ்டால்மன், 1985-ல், தாம் எழுதிய ஈமேக்ஸ் என்ற சாஃப்ட்வேரைக் காந்த நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றவர். வலைத்தொடர்பு இருந்தவர்கள் அதையே சும்மா எடுத்துக்கொள்ளலாம். 1989-ல் அவர் கொண்டுவந்த ஜிபிஎல் லைசென்ஸும் விற்பனையைத் தடுக்கவில்லை. 1998-ல் ஓப்பன் சோர்ஸ் என்ற பெயரோடு புறப்பட்டவர்கள் வகுத்த வரையறையின் முதல் ஷரத்தே, விற்பதை லைசென்ஸ் தடுக்கக் கூடாது என்பதுதான். ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு அர்த்தத்தையும் சுமப்பதால் அவர்கள் பக்கம் பக்கமாக விளக்க வேண்டியிருந்தது. நமக்கு இலவசம் வேறு, சுதந்திரம் வேறு. இருந்தும் நாம் 'இலவசம்' என்றே மொழிபெயர்த்துக்கொண்டு, விலை வைத்தவனைக் கண்டதும் கோபப்படுகிறோம்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. எங்கள் தளத்தின் கோப்புகளைத் திறந்து பார்த்தேன். நிறங்களையும் எழுத்தளவுகளையும் சொல்லும் கோப்பின் முதல் வரிகளில் அந்த வடிவமைப்பாளரின் பெயரும் லைசென்ஸ் வாசகமும் அழியாமல் அப்படியே இருந்தன. லைசென்ஸ் எம்ஐடி வகையைச் சேர்ந்தது. பிரதியோடு உரிமைக் குறிப்பு கூடவே போக வேண்டும் என்பதற்கு மேல் அது எதையும் கேட்பதில்லை. பெயர் இருக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது, யாராவது படிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆக, இளைஞர் சட்டப்படி குற்றமற்றவர்.

(சட்டத்தின் விநோதங்களில் ஒன்றை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. வேர்ட்பிரஸ் என்ற தளக்கருவிக்காகச் செய்யப்படும் வடிவங்களைப் பற்றி 2009-ல் ஒரு சட்ட அபிப்பிராயம் வெளியாயிற்று. அவற்றின் நிரல்பகுதி ஜிபிஎல்லுக்குக் கட்டுப்பட்டது. படங்களும் தோற்றத்தைத் தீர்மானிக்கும் கோப்புகளும் கட்டுப்பட வேண்டியதில்லை என்றது அது. உருவத்தையும் உள்ளடக்கத்தையும் பிரிக்க முடியுமா என்று நம் விமர்சகர்கள் அடித்துக்கொண்டிருக்க, வக்கீல்கள் பிரித்தே வைத்துவிட்டார்கள்.)

இளைஞரையே கேட்டேன். "சார், நீங்க கேட்டது ஒரு சைட். டிசைன் நான் வரைஞ்சதுன்னு எப்ப சொன்னேன்?" என்றார். சொல்லவில்லைதான். பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினார். மூல வடிவம் ரோமன் எழுத்துக்காகச் செய்தது. தமிழைப் போட்டால் ஒரு வரியின் 'பு'வுடைய கால் அடுத்த வரியின் 'கீ'யுடைய மேல்விலங்கில் போய் இடிக்கும். நீண்ட சொற்கள் சட்டத்தை மீறி வெளியே தொங்கும். மூன்று இரவு உட்கார்ந்து வரி இடைவெளியைச் சரிசெய்திருக்கிறார். அந்த மூன்று இரவுக்கு 12,000 ரூபாய் அதிகமென்று எனக்குத் தோன்றவில்லை.

அப்படியானால் உறுத்துவது எது? வடிவமைப்பாளருக்கு இழைத்த துரோகம் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று நிபந்தனை போடும் லைசென்ஸ்களும் உண்டு. அவர் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. தண்ணீர்ப்பந்தல் வைத்தவன், குடிக்க வருகிறவனின் யோக்கியதையைப் பார்த்து ஊற்றுவதில்லை. குடத்தில் நிரப்பிக்கொண்டு போய் மேட்டுத்தெருவில் விற்றால், சுமந்த கூலி அவனுக்கு நியாயம்தான். பந்தல் வைத்தவனுக்கு மனம் நோகலாம். அந்த நோவு உண்மையானது, ஆனால் அது ஓர் உரிமைக் கோரிக்கை ஆகாது.

அடிவரி போனதில் நஷ்டப்பட்டது நாங்கள். அந்தப் பெயர் படைத்தவனின் கர்வத்துக்காக அங்கே இருப்பதாக நாம் நினைக்கிறோம். அது ஒரு வழி. அதைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால், அந்த வடிவத்தை மாற்றவும் பிறருக்குக் கொடுக்கவும் எங்களுக்கும் அதே உரிமை உண்டு என்பது தெரிந்திருக்கும். தெரியாததால் ஒரு வருஷமாக ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் அவருக்குப் போன் செய்து 500 ரூபாய் கொடுத்தோம். எங்கள் அறியாமைக்கு நாங்களே வாடகை செலுத்தினோம்.

எந்த வியாபாரிதான் சரக்கு வந்த இடத்தைச் சொல்கிறான் என்று கேட்கலாம். மெக்கானிக் உதிரிபாகத்தை என்ன விலைக்கு எடுத்தான் என்று சொல்வதில்லை. அது அவன் லாபம், அதை மறைக்க அவனுக்கு உரிமை உண்டு. இங்கே மறைந்தது எனக்குச் சேர வேண்டிய ஒன்று. லைசென்ஸ் வாசகம் அவருக்கு மட்டும் எழுதப்படவில்லை. அவர் கையிலிருந்து வாங்குகிற எனக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது. கடிதத்தைக் கொண்டுவந்தவர் அதை உறைக்குள்ளேயே விட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டார்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வடிவம் சும்மா கிடைப்பது என்று முதலிலேயே தெரிந்திருந்தால் 12,000 கொடுத்திருப்போமா? 3,000-க்கு மேல் பேசியிருக்க மாட்டோம். சிருஷ்டிக்கு ஒரு மரியாதை, செப்பனிடும் வேலைக்கு ஒரு கூலி என்று பழகியவர்கள் நாங்கள். ஒரிஜினாலிட்டியைப் பற்றி நாங்கள் பேசிய பேச்செல்லாம் சேர்ந்துதான் அந்த இளைஞரின் வாயைக் கட்டியிருக்கும். 'பு'வின் கால் இடிக்காமல் நிற்பது என்ன விலை பெறும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அவருக்கு அது தெரிந்திருந்தது. எங்களிடம் சொல்லி விளங்கவைக்க முடியாது என்பதும் தெரிந்திருந்தது.

அடிவரியைத் திரும்பப் போடச் சொன்னோம். போட்டார், காசு வாங்கவில்லை. வெள்ளைப் பரப்பின் சுத்தம் கெட்டுவிட்டது என்று ஒரு நண்பருக்கு வருத்தம். சில மாதங்களில் இன்னொரு சிற்றேட்டு நண்பர்கள் எங்கள் தளத்தைப் பார்த்து, அந்தப் பெயரைத் தொட்டு, மூலத்துக்கே போய்த் தாங்களே அமைத்துக்கொண்டார்கள். அவரிடம் போயிருக்க வேண்டிய வேலை. அவர்கள் தளத்தில் எழுத்துகள் இன்னும் இடித்துக்கொண்டிருக்கின்றன. அவர் இப்போது எங்களுக்குப் போன் செய்வதில்லை.