கடல் கடந்த ஒரு பெயர்

ஏதாவது ஒரு நாட்டின் மீது பொருளாதாரத் தடை விழுந்தால், ஆங்கிலப் பத்திரிகைகள் அதைப் 'பரையா ஸ்டேட்' என்று எழுதுகின்றன. இந்தியாவில் அச்சாகும் நாளிதழ்களும் இதற்கு விலக்கல்ல. பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம், ஸ்பானியம் எல்லாவற்றிலும் இதே சொல் 'பாரியா'. எல்லாராலும் ஒதுக்கப்பட்டவர் என்று அகராதிகள் பொருள் தருகின்றன. பறையர் என்று நம்மோடு வாழும் ஒரு சமூகத்தின் பெயர்தான் அது.

புறநானூற்றின் 335ஆம் பாடலில் துடியன், பாணன், கடம்பன் ஆகியோரோடு பறையனும் குடிப்பெயராக வருகிறான். அங்கே இழிவின் சாயல் இல்லை. பறை என்பதற்குத் தோற்கருவி என்றும் சொல்லுதல் என்றும் பொருள் உண்டு. மலையாளத்தில் இன்றும் பேசுவதற்கு 'பறயுக' என்பார்கள். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் தமிழ்க் கரைக்கு வந்தபோது நிலைமை வேறாக இருந்தது. அந்தக் குடியை ஊர் சேரிக்குள் தள்ளி, கோயிலையும் குளத்தையும் மறுத்திருந்தது. பெயரோடு அந்த விலக்கலும் கப்பலேறியது. இகழ்ச்சியை அந்நியர் உண்டாக்கவில்லை, நம்மிடம் கேட்டுத்தான் எழுதிக்கொண்டார்கள். இதை மறைத்துவிட்டு இந்தச் சொல்லின் வரலாற்றைப் பேச எனக்கு மனம் வரவில்லை.

ஐரோப்பாவில் அதற்கு வேறொரு வாழ்வு கிடைத்தது. 1821இல் பிரெஞ்சு நாடகாசிரியர் கசிமிர் தெலவீஞ் 'லெ பாரியா' என்ற நாடகத்தை எழுதினார். 1829இல் தோனிசெத்தி அந்தக் கதையை நேப்பிள்ஸில் ஓபராவாக்கினார். ஜெர்மன் கவிஞர் கதேயும் 'பாரியா' என்று கவிதைகள் எழுதினார். வெட்டுண்ட தலை வேறொருத்தியின் உடலில் ஒட்டிய மாரியம்மன் கதைதான் அவற்றில் இருக்கிறது. சொன்னெரா என்ற பிரெஞ்சுப் பயணியின் நூல் வழியாக அவரிடம் போய்ச் சேர்ந்தது. கணவனைப் பிரிந்து, மணவிலக்குக்குச் சட்டமே இல்லாத பிரான்சில் அல்லாடிய ஃப்ளோரா திரிஸ்தான், 1838இல் தன் பயணநூலின் தலைப்பிலேயே தன்னைப் பாரியா என்று சொல்லிக்கொண்டார். நாடற்ற யூத அகதியாக நியூயார்க்கில் வாழ்ந்த ஹன்னா அரெண்ட், 1944இல் யூதரைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு இந்தச் சொல்லையே எடுத்தார். இவர்கள் இருவரும் யாரையும் பழிக்க இதைச் சொல்லவில்லை; தங்கள் வலிக்கு ஒரு பெயர் தேடினார்கள். அவர்கள் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் உறுத்துகிறது. பெயர் போன இடத்துக்கு அந்தப் பெயருக்குரிய மனிதர்கள் போகவில்லை. அவர்களுடைய பட்டினி, கூலி, அவர்கள் கட்டிய பாட்டு எதுவும் அந்த மேடைகளில் ஏறவில்லை.

இந்தப் பெயர் பறவைகளைக்கூட விட்டுவைக்கவில்லை. ஆங்கிலேயரின் பறவை நூல்களில், வெள்ளைத் தலையும் செம்பழுப்பு உடலுமாகப் பறக்கும் செம்பருந்து 'பிராமினி கைட்'. நகரத்துக் குப்பைமேட்டின் மேல் வட்டமிடும் கரும்பருந்துக்கு 'பரையா கைட்' என்று பெயர். ஒரே வானத்தில் பறப்பவற்றுக்குள் அக்கிரகாரமும் சேரியும் பிரித்தாயிற்று. கரும்பருந்தின் அந்தப் பெயர் இப்போது வழக்கொழிந்துவிட்டது. நம் தெருநாயை மட்டும் 'இந்தியன் பரையா டாக்' என்று இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அப்பெயருக்கு உரியவர்கள் என்ன செய்தார்கள்? இரட்டைமலை சீனிவாசன் 1893இல் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கி, அதற்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். பழிக்கப்பட்ட பெயரைத் தலைப்பில் அச்சிட்டு, அதை வாங்கிப் படிக்கும்படி செய்தார். அவருடைய மைத்துனர் அயோத்திதாசப் பண்டிதரோ, அந்தப் பெயர் பகைவர் சூட்டியது, நாம் பூர்வ பௌத்தர் என்று வாதாடி அதை ஏற்க மறுத்தார். அச்சமூகத் தலைவர் எம்.சி.ராஜா போன்றோரின் முயற்சியால் 1922இல் சென்னை மாகாண அரசு 'ஆதி திராவிடர்' என்ற பெயரை ஏற்றது.

ஒருவர் அதே பெயரை நிமிர்ந்து சுமந்தார், இன்னொருவர் உதறினார். என் மனம் சீனிவாசன் பக்கமே சாய்கிறது; பட்ட இழிவைப் பெயரின் மேல் ஏற்றாமல், இழிவு செய்தவர் மேலேயே திருப்பி வைத்தார் அவர். ஆனால் தேர்ந்தெடுக்கும் உரிமை அந்தப் பெயரோடு பிறந்தவர்களுக்கு உரியது, எனக்கல்ல. அதைத் தங்கள் தலைப்புச் செய்திக்கு எடுத்தாளும் ஆசிரியர்களுக்கும் அல்ல. மொழிபெயர்க்கும்போது 'பரையா ஸ்டேட்' என்று வருமிடத்தில் 'ஒதுக்கப்பட்ட நாடு' என்றே நான் எழுதுகிறேன். பொருள் சிறிதும் குறைவதில்லை. ஆங்கிலத்தில் எழுதும் தமிழர்களாவது இதைத் தங்கள் செய்தி அறைகளில் இன்றே தொடங்கலாம்.