கரையும் கலமும்



கடலில்லாத ஊர் இத் திருவண்ணாமலை. கடல் காண விழைவார் கிழக்கே ஏறத்தாழ அறுபது கல் செல்லல் வேண்டும். எம் இளமைக் காலத்தில், கடலைக் கண்ணாற் காணாமலே மூப்பெய்திய முதியோர் பலர் இவ்வூரில் இருந்தனர். ஆயினும், கலம் அகல்வதைக் கரையில் நின்று காண்டல் என்னும் நிலை இவ்வூரார்க்குப் புதிதன்று. கார்த்திகைத் தீபம் மலையுச்சியில் ஏற்றப்பெற்ற பின்னர் மூன்று இரவு ஐயங்குளத்தில் தெப்பத் திருவிழா நிகழ்கின்றது. முதலிரவு சந்திரசேகரரும், அடுத்த இரவு பராசத்தி அம்மையும், மூன்றாம் இரவு முருகப் பெருமானும் தெப்பத்தில் எழுந்தருளுவர். மேலே மலையின்மீது தீபம் எரிந்துகொண்டிருக்கும். கீழே குளத்து நீரில் தெப்பத்தின் விளக்குகள் ஆடிக்கொண்டிருக்கும். நான்கு கரையிலும் மக்கள் நிற்பர்.

தெப்பம் படித்துறையை விட்டு நீங்கும் அக்கணத்தை நோக்குக. அதுவரை ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்த கூட்டம் வாயடங்கும். நிற்போர் தம்மையறியாமல் ஒரு படி கீழிறங்குவர். சில ஆண்டுகட்கு முன், எம் பக்கத்தில் பாட்டியின் கையைப் பற்றிக்கொண்டு நின்ற சிறுமி ஒருத்தி, "சாமி தண்ணியிலே முழுகிடுமா, ஆயா?" என்று கேட்டாள். "முழுகாது கண்ணு, சுத்தி வந்துடும்" என்றாள் கிழவி. சூழ நின்றார் நகைத்தனர். எமக்கு நகை வந்திலது. ஏனெனின், ஏறக்குறைய அதே வினாவை, அதே படித்துறையில், வேறொருவர் வாய்க் கேட்டு, அதற்குத் தகாத விடை கூறிய குற்றம் எம்மிடத்து உண்டு. அதனை உரைக்குமுன் பழைய செய்தி ஒன்றை உரைத்தல் வேண்டும்.

1860-ஆம் ஆண்டு அக்டோபர் மாத நடுவில் சென்னைக் கடலிலிருந்து 'ட்ரூரோ' என்னும் கப்பல் புறப்பட்டது. அதில் ஏறினார் 342 பேர். ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்கிழக்கில் ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த நேட்டால் நாட்டுக் கரும்புத் தோட்டங்களுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் முதன்முதலாகக் கொண்டுசெல்லப்பட்ட நம் நாட்டு மக்கள் அவர்களே. முதலாண்டில் மாதக்கூலி பத்து ஷில்லிங்கு. அக்கப்பல் நவம்பர் 16-ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது. கார்த்திகைத் திங்கள் பிறக்கும் காலம் அது. இங்கே தீபப் பெருவிழாவுக்கு ஊர் ஆயத்தமாகிக்கொண்டிருக்க, அவர் அங்கே முன்பின் அறியாத மண்ணில் கால் வைத்தனர். அன்று தொடங்கி 1911-ஆம் ஆண்டில் அவ்வேற்றுமதி நிறுத்தப்படுங்காறும் நேட்டாலுக்குச் சென்றார் தொகை ஒரு லட்சத்து ஐம்பத்தீராயிரத்துக்கு மேற்படும். அவருட் பெரும்பாலார் சென்னை மாகாணத்தார். அவருள்ளும் ஆர்க்காட்டுச் சீமையார் மிகப் பலர். இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் அடங்கும் ஆரணி, போளூர், வந்தவாசிப் பகுதிகள் அந்நாளில் வட ஆர்க்காட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்தன. இத் திருநகரோ தென் ஆர்க்காட்டிற்குட்பட்டிருந்தது. ஆகவே இஃது எங்கோ நிகழ்ந்த பிறர் செய்தியன்று. நம் அயல்வீட்டுச் செய்தி என்க.

அந்நாளில் சென்னையில் கப்பல் வந்தணையும் துறைமுகம் கட்டப்படவில்லை. கப்பல்கள் தொலைவிற் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். மக்களையும் பண்டங்களையும் மசூலாப் படகுகளில் ஏற்றி அலைகளைக் கடந்து கொண்டுசெல்வர். அப்படகுக்கு ஆணி கிடையாது. பலகைகளைத் தேங்காய்நாரிற் பிரித்த கயிற்றாற் பின்னித் தைத்திருப்பர். அலை மோதும்போது வளைந்து கொடுக்குமேயன்றி உடையாது. (ஆணியறைந்த படகு அங்கே உடைந்துபோம் என்பதனை மீகாமர் அறிந்திருந்தனர். நெகிழ்வே வலிமையாகும் இடமும் உண்டு போலும்.) கரையில் நிற்பாருக்கு அப்படகு அலைமுகட்டில் ஒருகணம் தோன்றும்; மறுகணம் அலைகளுக்கிடையில் மறையும். மறைந்தது எழுமோ எழாதோ என்று உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்றல் வேண்டும். அலைவரிசையைக் கடந்தபின் அது தொலைவிலுள்ள கப்பலின் பக்கத்தே சிறு புள்ளியாகும். பின்னர்ப் பாய் மறையும். அதன்பின் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. கரையில் நின்றார்க்கு இனிச் செய்யக்கடவது யாது?

இவ் வினாவைத்தான் அவ்வம்மை எம்மிடம் வினவினார். 2010-ஆம் ஆண்டு, அம் முதற்கப்பல் சென்றதன் நூற்றைம்பதாம் ஆண்டு. அவ்வாண்டுத் தெப்பத்தன்று டர்பனிலிருந்து வந்த ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மை ஒருவரை, எம் மாணாக்கர் ஒருவர் ஐயங்குளக் கரைக்கு அழைத்து வந்தார். அவ்வம்மைக்குத் தமிழ் பேச வாராது. எம் மாணாக்கரே இருபாலும் எடுத்துரைத்தார். ட்ரூரோவுக்குப் பல்லாண்டு பின்னர்ச் சென்ற கப்பலொன்றின் பெயர்ப்பட்டியிற் சில வரிகளை அவர் படியெடுத்துக் கொணர்ந்திருந்தார். எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர் என அப்பட்டியில் நிரல் நிரலாக இருந்தன. ஆங்கில எழுத்தில் உருச்சிதைந்திருந்த அவ்வூர்ப்பெயரைப் பலவாறு ஒலித்துப் பார்த்தும் இன்ன ஊர் என்று எம்மால் துணியக்கூடவில்லை.

தெப்பம் புறப்பட்டது. அவ்வம்மை கைகூப்பித் திருவைந்தெழுத்தை ஓதினார். ஒலி பிழைபட்டிருந்தது. யாம் உடனே இடைமறித்துத் திருத்தினோம். அறுபதாண்டு ஏடும் எழுத்தாணியுமாகக் கழித்த குடும்பத்தில் வந்த வழக்கம் அது. பிழை செவியிற் பட்டால் வாய் சும்மா இராது. அவர் முகம் கவிழ்ந்தது. அதன்பின் அவர் அதனை உரக்க ஓதிலர். சிறிது நேரங் கழித்து இரண்டு வினா வினவினார். "இப்பட்டியில் கப்பலேறினவர் பெயர் உண்டு, கரையில் நின்றவர் பெயர் இல்லை. அனுப்பிவிட்டுத் திரும்பிய தாய் என்ன செய்திருப்பாள்?" என்பது ஒன்று. "அருணாசலேசுவரர் அவளோடு கரையில் நின்றாரா, கப்பலில் ஏறினாரா?" என்பது மற்றொன்று. முதல் வினாவை யாம் விட்டுவிட்டோம். இரண்டாவதற்கு, இறைவன் எங்கும் நிறைந்தவன் என்று பொதுப்பட ஒரு சொல் சொல்லி முடித்தோம். மறுநாட் காலை அவர் சென்றுவிட்டார்.

இவ்விரண்டாம் வினாவுக்குச் சித்தாந்தம் கூறும் விடை அத்துணைப் பொதுப்பட்டதன்று. மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திரத்தில், இறைவன் உயிர்களோடு ஒன்றாயும் வேறாயும் உடனாயும் நிற்கும் முறையை நிறுவினார். கலப்பினால் ஒன்றாதல், உடலும் உயிரும்போல. பொருட்டன்மையால் வேறாதல், கண்ணும் ஞாயிறும்போல. செலுத்தி உடன் நிகழ்தலால் உடனாதல், கண்ணொளியும் உயிரறிவும்போல. இம்மூன்றனுள் வேறாதல் ஒன்றையே கொண்டு நிற்பார்க்கு இறைவன் கரைநின்று காணும் சான்றாளன் ஆவன். கலம் முழுகினும் அவனுக்கு வருவதொன்றில்லை. ஒன்றாதல் ஒன்றையே கொண்டு நிற்பார்க்கோ கலமும் அவனே, கடலும் அவனே, முழுகுதலும் அவனே. ஆண்டு உய்வு என்னும் சொல்லுக்கே பொருளில்லை. உடனாதல் என்பதனாலன்றோ இவ்விரண்டும் பொருந்துகின்றன! கண் ஒரு பொருளைக் காணுங்கால் உயிரும் அக்கண்ணோடு உடன்நின்று காண்கின்றது. கண்ணைத் தனியே கரையிலிருந்து அனுப்பிவிட்டு உயிர் வீட்டிலிருப்பதில்லை. அவ்வாறே உயிர் எங்கெங்குச் சென்று எவ்வெவற்றை நுகரினும் அவன் உடன் செல்கின்றான். அவன் உடன்செலுத்தாவிடின் உயிர்க்கு ஓரடியும் பெயர்தல் இல்லை. ஆதலின், கப்பலில் ஏறினார் என்பதே விடை. கரையில் நின்ற தாயோடும் நின்றார் என்பதும் விடை. இரண்டனுள் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மறுத்தல் ஆகாது.

அங்ஙனமாயின் ஏறினாருக்கு அவன் தோன்றாமை என்னை எனின், அதுவே மறைத்தல் என்னும் தொழில். ஐந்தொழிலுள் அதுவும் அருளின்பாற்பட்டதென ஆசிரியர் கூறுப. வினைப்பயனை உயிர் நுகர்ந்து மலம் பக்குவப்படுங்காறும் அவன் தன்னைக் காட்டாது நிற்கின்றான், நீங்கி நிற்பதில்லை.

இனி ஒரு தடை. உடன் செல்பவன் அவனாயின் கலங்கள் முழுகுவதேன்? இது வெறும் வாதத்துக்காக எழுந்த தடையன்று. திருநாவுக்கரசு சுவாமிகளைக் கல்லோடு பிணித்துக் கடலில் இட்டனர். அக்கல்லே தெப்பமாகத் திருப்பாதிரிப்புலியூர்க் கரையில் ஏறினார் எனப் பெரியபுராணத்தால் அறிகின்றோம். கடலூரை அடுத்துக் கரையேறவிட்டகுப்பம் என்னும் பெயர் இன்றும் வழங்குகின்றது. ஆனால் கடலில் வீழ்ந்தார் எல்லாரும் கரையேறினாரல்லர். 2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் எழுந்தபோது, குமரி மாவட்டத்து மீனவர் சிற்றூர்களில் தாயரும் மனைவியரும் நாட்கணக்கிற் கரையில் நின்றதை நாடறியும். மீளாதார் பலர். அவர் எச்சமயத்தார் என்பது ஈண்டைக்கு வேண்டுவதன்று. அவரை நோக்கி, "உங்கள் வினை" என்று சொல்ல யாரேனும் வாயெடுப்பரேல், அவர் சித்தாந்தம் கற்றாரல்லர் என்பது எம் துணிபு. வினை என்பது உயிர் தன்னை நோக்கித் தான் ஆராய்ந்து கொள்ளற்கு நூல் தந்த சொல். பிறர் துன்பத்தை நோக்கி அதனை எறியின், கரையில் நிற்பார்க்குக் கால் நனையாமல் இருக்க உதவும் சொல்லாக அது முடிகின்றது. இறைவன் உடனிருத்தலுக்கு நூல் கூறும் பயன் உடம்பு முழுகாமையன்று, உயிர் கைவிடப்படாமை. இதனைக் கரையில் நின்று அழுவார்க்கு எடுத்துரைத்தலும் எளிதன்று. யாம் எம் குடும்பத்தில் ஒரு சாவு வீட்டில் உரைக்க முயன்று, பாதியில் நிறுத்தியதுண்டு.

கரை என்று நாம் சொல்வதுதான் யாது? நேட்டாலுக்கு ஏறினாரைக் கண்டு, "ஐயோ, அழியப் போகின்றார்" என்று இரங்கி நின்றாருள், நிலம் தமக்கு உறுதி என்று எண்ணினார் பலர். பதினாறாண்டு கழிந்தது. 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தை விழுங்கிற்று. இறந்தார் பல லட்சவர். ஆர்க்காட்டுச் சீமையும் அதனிற் றப்பவில்லை. கடல் ஏறினார் கரும்புக் கொல்லையில் அடியும் வசையும் உண்டு பிழைத்தார். கரையில் நின்றார் வறண்ட ஏரியில் வீழ்ந்தார். அவ்வாண்டில் எது கரை, எது கடல்? உடம்பே கலமாக ஏறியிருக்கும் உயிர்கள், ஒன்றையொன்று கரையெனக் கருதி நிற்கின்றன.

இன்னும் ஒன்று சொல்லல் வேண்டும். இது நம்மனோரை நோக்கியது. கடல் கடந்தார் ஆசாரங் கெட்டார் என்று நம் பெரியோர் விலக்கினர். அக்கப்பல்களில் ஏறிய ஏழை மக்களுக்குத் துணையாகத் திருமுறை கற்றார் எவரையும் நம்மனோர் கூட்டி அனுப்பினாரல்லர். படிப்புடையோம் நாம் கரையில் நின்றோம். ஏடில்லாதார், ஆசிரியரில்லாதார், நாள் முழுதும் கரும்பு வெட்டினார், மண்சுவரும் தகரமுங் கொண்டு அங்கே சிறு கோயில்கள் எடுத்தனர். பின்னர் டர்பன் உம்கேனி சாலையிலும் மவுண்ட் எட்ஜ்கோம்பிலும் அவை கற்கோயில்களாக வளர்ந்தன. தைப்பூசத்துக்கு அங்கே இன்றும் காவடி எடுக்கின்றனர். மொழி நழுவிற்று, வழிபாடு நழுவவில்லை. இறைவன் கப்பலில் ஏறினானா என்பதற்கு அதனினும் சான்று வேண்டுவதின்று.

அவ்வம்மை ஓதிய ஐந்தெழுத்து அக்கரும்புக் கொல்லைகளின் வழியாக ஐந்து தலைமுறை வாய்மாறி வந்தது. உப்புக்காற்றும் வேற்றுமொழியும் பட்டு அதன் ஒலி தேய்ந்திருந்தது; ஆயினும் அஃது அறாது வந்து சேர்ந்தது. யாம் அதன் தேய்வை மட்டும் கேட்டோம். பொருள் விளங்கியது அவர் சென்ற மூன்றாம் நாள், பூசையிற் கண்ணை மூடியபோது. அவர் இருப்பிடத்தை எம் மாணாக்கரும் குறித்துக்கொண்டிலர். பொறுத்தருள்க என்று எழுதுதற்கும் வழியில்லை.

விடையிறுக்காது விட்ட முதல் வினா இன்னும் எம்மிடத்தே உள்ளது. அத்தாய் வீடு திரும்பி என்ன செய்திருப்பாள்? எம் சிற்றன்னையார் ஒருவர், தம் மகன் வெளிநாடு சென்ற ஆண்டு முதல், கார்த்திகை விளக்கீட்டில் வாயிற்படியில் ஓர் அகல் மிகுதியாக ஏற்றி வந்தார். ஏன் என்று வினவினால், "அவன் பங்கு" என்பார். அவன் விடுப்பில் வந்து வீட்டிலிருந்த ஆண்டிலும் அவ்வகலை நிறுத்தினாரில்லை. இதற்கு நூலில் விதியுண்டோ என்று அந்நாளில் யாம் அவரோடு வாதிட்டோம். இப்பொழுது எம் இல்லத்து வாயிலிலும் ஓர் அகல் மிகுதியாக எரிகின்றது. பெயர் தெரியாத ஊரிலிருந்து பெயர் தெரிந்த கப்பலில் ஏறினார் பொருட்டு அது.

சிறுமி முழுகிடுமா என்று கேட்ட அவ்விரவு, தெப்பம் எதிர்க்கரை இருளை அணுகியது. கூட்டத்திற் சிலர் எட்டிப் பார்த்தனர். கிழவி மட்டும் குளத்தை நோக்கவில்லை. கைகூப்பியவண்ணம் மலைமேல் எரியும் தீபத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆயா, அதோ திரும்பிடுச்சு!" என்று சிறுமி அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

திருச்சிற்றம்பலம்