நீர்மூர்த்தமும் நீதிமன்றமும்



நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம், ஞாயிறு, திங்கள், ஆன்மா என்னும் எட்டும் நம் பெருமானுக்குத் திருமேனிகள் என்று சைவநூல்கள் கூறும். திருவானைக்காவிலே அவர் அப்புலிங்கமாய் எழுந்தருளியிருத்தலை அறியாத சைவர் இலர். நீர் வெறும் உடைமையோ, அன்றித் தனக்கென உரிமைகளையுடைய ஓர் ஆளோ என்னும் வினா இக்காலத்து நீதிமன்றங்களிலே எழுந்திருக்கின்றது. அவ்வினாவைக் கேட்டும் நாம் வாளாவிருத்தல் தகுமோ?

மிஷன் பாடசாலையிலே யான் கற்ற நாளிலே, "கல்லுக்கு நீர் வார்க்கின்றீர்களே, அஃது அறியுமோ?" என்று ஆசிரியர் ஒருவர் வினவினார். சிறுவனாகிய யான் விடையறியாது நாணி நின்றேன். அதற்கு ஒரு விடை பின்னாளிலே இலண்டன் மாநகரத்து நீதிமன்றத்திலிருந்தே வந்தது. தஞ்சை நாட்டுப் பத்தூரிலே, பாழடைந்த சிவாலயத்தின் அணித்தே, 1976 ஆம் ஆண்டு மண்ணினின்று வெளிப்பட்ட நடராசத் திருவுருவம் களவாகக் கடல்கடந்து விற்கப்பட்டது. அதனை மீட்கும்பொருட்டு நிகழ்ந்த வழக்கிலே அக்கோயிலும் அதன் சிவலிங்கமும் உரிமை கோருவோராய் நின்றன. கோயில் தன் காப்பாளர் வாயிலாக வழக்காட வல்லது என்று 1991 இல் மேன்முறையீட்டு மன்றம் கொண்டது. பெருமான் தமிழ்நாட்டுக்கு மீண்டருளினார்.

வாயில்லாத கோயில் எங்ஙனம் வழக்காடும் எனின், தாய்தந்தையரை இழந்த குழவி எங்ஙனம் வழக்காடுமோ அங்ஙனமே என்க. குழவிக்குப் பேச்சில்லை, அதன் காப்பாளனுக்கு உண்டு.

இக்கொள்கையைத் துணையாகக் கொண்டே, உத்தரகாண்ட உயர்நீதிமன்றம் 2017 மார்ச்சு 20 இல் கங்கையும் யமுனையும் சட்டத்தின்கண் ஆட்களே என விதித்து, அரசாங்க அலுவலரைப் பெற்றோர் நிலையிலே நிறுத்திற்று. அம்மாநில அரசாங்கமோ இந்திய உச்சநீதிமன்றத்தை அடைந்து, "வெள்ளத்தால் உயிர் மாய்ந்தால் ஈடு கொடுப்பவர் யார்? பல மாநிலங்களிலே ஓடும் ஆற்றை ஒரு மாநிலம் எங்ஙனம் காக்கும்?" என்று முறையிட்டது. அவ்வாண்டு யூலையிலே அத்தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டது. அவ்வினாக்கள் புறக்கணிக்கத்தக்கன அல்ல. ஆயினும், பெற்றோராக நியமிக்கப்பட்டோரே பிள்ளையை ஏலோம் என்றமை காண்க.

நியூசிலாந்திலோ, வங்கநூயி ஆற்றைத் தம் மூதாதையாகப் போற்றும் மாவோரி மக்கள் நூற்றாண்டுக்கு மேலாகப் போராடினர். 2017 இலேயே அந்நாட்டுப் பாராளுமன்றம் அவ்வாற்றை ஓர் ஆளாக ஏற்றுச் சட்டம் இயற்றி, அரசு சார்பில் ஒருவரும் அம்மக்கள் சார்பில் ஒருவருமாக இருவர் ஆற்றின் பொருட்டுப் பேச வழிசெய்தது. அங்கே சட்டம் பிறக்குமுன்னரே காப்பாளர் இருந்தனர்.

இனி நம் ஊரை நோக்குவோம். யாழ்ப்பாணத்திலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. நம் வழுக்கையாறும் மாரியிலே மாத்திரம் ஓடும். நமக்குக் கங்கையாவது கிணறே. மழைநீர் சுண்ணக்கல்லினூடே இறங்கி, உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. அதனையே மொண்டு உண்கின்றோம். மேலே இட்டது கீழே சேரும். அயலூராகிய சுன்னாகத்திலே கிணறுகளில் எண்ணெய் கலந்தமை யாவரும் அறிவர். பொதுநலங் கருதி ஒருவர் தொடுத்த வழக்கிலே, இலங்கையின் அதியுயர் நீதிமன்றம் 2019 ஏப்பிரல் 4 இல், மின்னுற்பத்தி நிறுவனம் இரண்டு கோடி ரூபா ஈடு கொடுக்கும்படி விதித்தது. அவ்வீடு மக்களுக்கே உரியது. நீர் தானே உரிமை கோருதற்கு நம் நாட்டிலே சட்டமில்லை.

பிறரைக் குறைகூறுமுன் என் குற்றத்தைக் கூறுவேன். யான் வீடு கட்டியபோது, மலக்குழியை என் கிணற்றுக்குத் தூரமாக வெட்டுவித்து மகிழ்ந்தேன். அஃது அயலவர் கிணற்றுக்கு அணித்தாயிற்று என்பதை எண்ணிலேன். அயல்வீட்டுப் பெரியவர் தீக்கை பெற்றவர். வைகறையிலே அவர் அக்கிணற்றில் நீர் மொண்டு ஆன்மார்த்த பூசைக்குக் கொண்டு செல்வதை ஒருநாள் கண்டேன். என் நெஞ்சம் நடுங்கிற்று. கங்கையைத் தாங்கிய திருமுடியிலே யான் எதனைச் சேர்த்தேன்! அக்குழியைத் தூர்த்து வேறிடத்தில் அமைத்தேன். ஆயினும் அதுகாறும் கீழே இறங்கியது மீளுமோ? பெரியவர் இன்றுவரை என்னை ஒரு சொல்லும் சொல்லிற்றிலர். அவர்தம் கிணறும் சொல்லிற்றிலது.

அன்பர்காள், நீருக்கு உரிமை வழங்குஞ் சட்டம் வருமாயின் நன்றே. ஆனால் காப்பாளன் இல்லாத உரிமை, பூசகன் இல்லாத கோயில் போலும். அக்காப்பாளர் நாமே ஆதல் வேண்டும். ஆலயத் தருமகர்த்தாக்கள் திருவிழாவுக்கு முன் ஆண்டுதோறும் கோயிற் கிணற்று நீரைச் சோதிப்பிப்பார்களாக. கமஞ்செய்வோர் உரத்தையும் மருந்தையும் அளவறிந்து இடுவார்களாக. வீடு கட்டுவோர் தம் கிணற்றை மாத்திரமன்றி அயலவர் கிணற்றையும் அளந்து குழி வெட்டுவார்களாக. இவை நாம் நீருக்குச் செய்யும் உபகாரம் அல்ல. நீரே திருமேனியாக நின்ற பெருமானுக்குச் செய்யும் திருத்தொண்டு என்று துணிந்து செய்வீர்களாக.

திருச்சிற்றம்பலம்.