பெயரும் பெயருக்கு உரியவளும்

பெயரைப் பெற்றோர் இடுகின்றனர், ஊரார் எடுத்தாளுகின்றனர், குழந்தை வாழ்நாள் முழுதும் தாங்குகிறது. ஒருவருக்கே உரியதாக இருந்தும், அவரைக் கேளாமல் தேரப்பட்டு, அவரைவிடப் பிறர் வாயிலேயே மிகுதியும் வழங்குவது பெயரின் இயல்பாகும். ஆங்கிலம் வழங்கும் நாடுகளில், இத்தாலி, நோர்வே, போலந்து போன்ற வேற்று நாடொன்றின் ஓசை கொண்டதும் அக்கம்பக்கத்தில் எவர்க்கும் இல்லாததுமான பெயர் ஒன்றைப் பெண் குழந்தைக்கு இடப் பெற்றோர் எண்ணும்போது, அதைப் பற்றி உற்றார் கூறும் கருத்துகளுக்கு எவ்வளவு இடம் தரலாம் என்னும் வினா எழுகிறது. பாட்டன் பெயரையும் தந்தை பெயரையும் ஆண் பிள்ளைக்கு இடும் வழக்கம் அங்கு வலுவாக இருந்தமையால் புதுமைக்குரிய இடம் பெரும்பாலும் பெண் பெயர்களிலேயே அமைந்தது. ஆகவே இவ்வினாவும் பெண் குழந்தையைச் சுற்றியே மிகுதியாக எழுகிறது.

உற்றார் கூறும் முதல் மறுப்பு, அப்பெயர் கேள்விப்படாதது என்பதாகும். பெயராய்வு, அதாவது பெயர்களின் பிறப்பையும் பரவலையும் ஆராயும் துறை, இம்மறுப்பின் வலிமையைப் பெரிதும் குறைத்துவிடுகிறது. மிராண்டா என்னும் பெயரை, ‘வியந்து போற்றத்தக்கவள்’ எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து ஷேக்ஸ்பியர் தம் ‘டெம்பெஸ்ட்’ நாடகத்தின் தலைவிக்காக அமைத்தார். பமேலா என்பது பிலிப் சிட்னி தம் கதைமாந்தர் ஒருத்திக்குப் படைத்த பெயர். 1740ஆம் ஆண்டு ரிச்சர்ட்சன் அதைத் தம் நாவலின் தலைவிக்குச் சூட்டிய பின்னரே அது வீடுகளுக்குள் நுழைந்தது. ஜோனதன் ஸ்விஃப்ட் எஸ்தர் என்னும் தம் தோழியின் குடும்பப் பெயரிலிருந்து முதல் அசையையும், எஸ்தர் என்பதிலிருந்து பிறந்த செல்லப் பெயரையும் கூட்டி வனெஸா என்னும் பெயரைப் புனைந்தார். அப்பெயரைத் தாங்கிய அவருடைய கவிதை 1726இல் அச்சேறியது. இன்று இப்பெயர்களைக் கேட்டு ஆங்கிலேயர் எவரும் வியப்பதில்லை. கேள்விப்படாமை என்பது பெயரின் குறையன்று, அதன் இளமை. அந்த இளமையும் ஒரு தலைமுறைக்குள் கடந்துவிடக்கூடியது.

உற்றாரின் கருத்து சட்டத்தின் வடிவெடுத்த நாடுகளும் உண்டு. பிரான்சில் 1803ஆம் ஆண்டுச் சட்டம், நாட்காட்டிகளில் வழங்கும் பெயர்களையும் பண்டை வரலாற்றில் அறியப்பட்டோர் பெயர்களையும் மட்டுமே குழந்தைகளுக்கு இட அனுமதித்தது. 1993இல்தான் பெற்றோர்க்கு உரிமை விரிந்தது. ஐஸ்லாந்தில் 1991 முதல் இயங்கிவரும் பெயர்க்குழு, புதுப்பெயர் ஒன்று தம் மொழியின் இலக்கணத்தோடு பொருந்துகிறதா என ஆராய்ந்து இசைவு தருகிறது. ‘மென்காற்று’ எனப் பொருள்படும் சொல்லைப் பெயராகப் பெற்ற ஒரு பெண்ணுக்கு, அச்சொல் இலக்கணப்படி ஆண்பாலது என்னும் காரணத்தால் இசைவு மறுக்கப்பட்டது. ஐஸ்லாந்து எழுத்தாளர் ஹால்டோர் லாக்ஸ்னஸ் தம் நாவலில் அதே பெயரைப் பெண் ஒருத்திக்கு இட்டிருந்தும், அரசு ஆவணங்கள் அவளைச் ‘சிறுமி’ என்றே குறித்துவந்தன. பதினைந்தாம் வயதில், 2013 சனவரியில், ரெய்க்யவீக் நீதிமன்றம் அவளுக்கு அவள் பெயரை உறுதிசெய்தது. வீட்டில் அழைக்கப்பட்ட பெயர் ஏட்டில் இல்லாமல் ஒரு குழந்தை பதினைந்து ஆண்டு வளர்ந்தாள் என்பது, பிறர் கருத்து தன் எல்லையைக் கடந்தால் அதன் விலையை யார் செலுத்துகிறார் என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

அந்த எல்லை எது என்பதை ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் 2008இல் வரையறுத்தது. இந்தியாவில் இருபாலர்க்கும் வழங்கும் பெயரொன்றைத் தம் மகளுக்கு இட்ட பெற்றோரிடம், பெயரைக் கேட்டதும் ஆணா பெண்ணா எனத் தெரியவில்லை எனப் பதிவலுவலகம் மறுப்புத் தெரிவித்தது. அவ்வாறு தெரிய வேண்டும் என்னும் விதி சட்டத்தில் இல்லை என்றும், குழந்தையின் நலனுக்குக் கேடு வரும் இடத்தில் மட்டுமே பெற்றோரின் தேர்வில் தலையிடலாம் என்றும் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசுக்கு உரைக்கப்பட்ட இந்த அளவுகோல் உற்றார்க்கும் ஏற்றதே. ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பது சொல்பவரின் சுவையைப் பற்றிய செய்தி; ‘குழந்தைக்கு இடர் தரும்’ என்பதே பெயரைப் பற்றிய கருத்து.

இவ்வளவுகோலால் அளந்தால், ஒலிப்பும் எழுத்தும் பற்றிய மறுப்பு மட்டும் எஞ்சி நிற்கிறது. அது பொருட்படுத்தத்தக்கதும் ஆகும். ‘விடுதலை’ எனப் பொருள்படும் ஐரிஷ் பெண்பெயர் ஒன்று ‘சேர்ஷா’ என்பதற்கு நெருக்கமாக ஒலிக்கிறது. அதன் எழுத்துக்கூட்டை ஆங்கில முறைப்படி படிப்பவரோ அவ்வொலியை எட்டுவதில்லை. அத்தகைய பெயரைத் தாங்குபவள் பள்ளியிலும் அலுவலகத்திலும் அதைத் திரும்பத் திரும்ப விளக்க நேரும். பெயர்கள் மொழிகளுக்கிடையே பயணம் செய்யும் வழிகளை அறிந்த பெற்றோர் இந்தச் சுமையைக் குறைக்கவும் கூடும். எபிரேயப் பெயராகிய யோசேப்பு, ஒலி திரிந்து தமிழில் சூசை ஆயிற்று. இத்தாலியரான வீரமாமுனிவர் அப்பெயரின் ‘பெருக்கம்’ என்னும் பொருளைத் தழுவி ‘தேம்பாவணி’யில் வளன் என்றே ஆக்கினார். ஐரோப்பாவிலும் கேத்தரின், கத்தரீனா, காரின் என ஒரே பெயர் நாட்டுக்கொரு வடிவம் கொண்டுள்ளது. எனவே விரும்பிய பெயரைக் கைவிடாமலே, குழந்தை வளரப்போகும் ஊரின் நாவுக்கு இணங்கும் வடிவத்தைத் தேர்ந்துகொள்ள வழியுண்டு. பெயரின் பிறப்பிடத்தையும் பொருளையும் கற்றறிவது, பிறிதொரு மக்களிடமிருந்து அதைப் பெறும் பெற்றோரின் கடமையாகும். மகள் ஒருநாள் ‘இப்பெயர் எனக்கு ஏன்’ எனக் கேட்கும்போது, அழகாக ஒலித்தது என்பதற்கு மேலும் ஒரு விடை அவர்களிடம் இருக்க வேண்டும்.

கருத்துக் கூறுவதற்கும் காலம் உண்டு. பெயர் முடிவாகும் முன் கூறப்படும் அறிவுரை பெற்றோர்க்குத் துணையாகிறது. பெயர் இட்டபின் கூறப்படும் இகழ்ச்சி, அதற்குக் காரணமாகாத குழந்தையையே சென்று சேர்கிறது. ஆதலால் பெற்றோர், பெயர் இடுமுன் பிறர் சொல்வதைப் பொறுமையோடு கேட்டு, அதில் குழந்தையின் நலன் பற்றியதை மட்டும் எடுத்துக்கொள்க. உற்றார், பெயர் இட்டபின் தம் கருத்தை விடுத்து, அப்பெயரைப் பிழையின்றி ஒலிக்கக் கற்று, அன்போடு அவளை அழைக்க.