இது நியாயமோ?

சென்ற தவணைப் பரீட்சையின்போது நமது சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு சச்சரவு எழுந்தது. பத்து வயதுப் பிள்ளை ஒருத்திக்கு ஆசிரியை வினாக்களை வாசித்துக் காட்டி, அரை மணி நேரம் கூடுதலாகவும் கொடுத்தார். "அப்ப எங்கட பிள்ளைக்கும் வாசிச்சுக் காட்டுங்கோவன் ரீச்சர், இது நியாயமோ?" என்று இன்னொரு தாயார் கேட்டார். கேள்வி தவறன்று. நம்மிடந்தான் பதில் இருக்கவில்லை. மறுவாரம் முதல் அந்தப் பிள்ளை வகுப்புக்கு வரவில்லை. (அவளது தாயாரின் சம்மதத்துடனேயே இதை எழுதுகிறோம்.)

பிள்ளைக்கு டிஸ்லெக்சியா. இது புத்திக்குறைவு அன்று. எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் உள்ள இடர். தேவாரத்தை இரண்டு முறை கேட்டால் பிழையின்றிப் பாடுவாள். ல, ள, ழ என்று எழுதச் சொன்னால் அழுவாள்.

பிரித்தானியாவில் 1978இல் வெளிவந்த வார்னொக் அறிக்கை, ஐந்தில் ஒரு பிள்ளைக்குப் பாடசாலைக் காலத்தில் எப்போதாவது விசேட உதவி தேவைப்படலாம் என்றது. 1981 கல்விச் சட்டம் அதன் வழி வந்தது. இன்று ஜி.சி.எஸ்.இ. பரீட்சையில் தகுதியுடையோருக்கு 25 வீதம் கூடுதல் நேரம் கிடைக்கிறது. வினாக்களையும் வாசித்துக் காட்டலாம். ஆனால் வாசிப்பையே சோதிக்கும் பகுதியை ஒருவர் வாசித்துக் காட்ட முடியாது. நமது ஆசிரியை அந்தப் பகுதியையும் வாசித்தார். அது பிழைதான், ஒப்புக்கொள்கிறோம். மற்றது பிழையன்று.

கந்தசஷ்டிக்கு நம்மில் சிலர் ஆறு நாளும் நீர் மட்டும் அருந்துகிறோம். சிலர் பாலும் பழமும். நீரிழிவு உள்ள பெரியவர் ஒரு நேரம் உண்கிறார். அவர் கையிலும் அதே காப்புத்தான். அவரது விரதம் அரை விரதம் என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை. அந்த மண்டபத்திலேயே சனிக்கிழமைகளில் நமக்கு வேறு கணக்கு!

விஜயதசமியன்று பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிக்கிறோம். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்குக் கற்பிப்போரும் எழுத்தை விரலால் தடவித்தான் பழக்குகிறார்கள். நாம் மூன்று வயதில் ஒருநாள் செய்துவிட்டுத் தட்டை எடுத்து வைத்துவிடுகிறோம்.

ஆசிரியை இப்போது மணல் தட்டு வாங்கியிருக்கிறார். தாயாருடன் தொலைபேசியில் பேசினோம். "மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால வேண்டாம்" என்றார். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒவ்வொரு தட்டு வைப்பதாகச் சொன்னோம். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.