சாலையின் விலையை யார் கொடுப்பது?

நீலகிரி மலை ரயில் பாதையில், ஹில்குரோவ் அருகே கட்டப்பட்ட தடுப்புச் சுவர் 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு யானைக் கூட்டத்தை மறித்து நிறுத்தியது. தண்டவாளத்தை ஒட்டியே நடந்து, ஏறிப்போக இடம் தேடித் திணறிய யானைகளின் காணொளி பரவிய பிறகு சுவர் இடிக்கப்பட்டது. கட்டியவர்கள் யானைக்குக் கேடு நினைத்திருக்க மாட்டார்கள். மலையில் சுவர் எழுப்புவதும் சாலை வெட்டுவதும் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கின்றன. பொறியாளரின் வரைபடத்தில் சரிவு இருக்கும், மண்ணின் தன்மை இருக்கும், மழைநீர் வடியும் திசை இருக்கும். தலைமுறை தலைமுறையாக யானை இறங்கும் தடம் மட்டும் இருக்காது. அந்தத் தடத்தைக் காட்டித் தர வனத்துறையில் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் இருக்கிறார்கள், மலைக் கிராமங்களில் பெரியவர்கள் இருக்கிறார்கள். கேட்க ஆள் இருந்தும் கேட்காமல் கட்டினால், தெரியாமல் செய்துவிட்டோம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

இதற்கு எதிராக எழும் கேள்வியும் நியாயமானதே. நெஞ்சுவலியில் துடிப்பவரையும் பிரசவ வலியில் இருப்பவரையும் மலையிலிருந்து இறக்கச் சாலை வேண்டாமா? விளைந்த தக்காளி சந்தைக்குப் போக வேண்டாமா? சாலையே கூடாது என்பவர்கள் பெரும்பாலும் நல்ல சாலை உள்ள ஊரில் இருந்துகொண்டுதான் சொல்கிறார்கள். அந்த வாதத்தில் கருணை இருக்கலாம், நேர்மை குறைவு.

ஆனால் மனிதனா விலங்கா என்று இரண்டே தட்டு வைத்து நிறுப்பதுதான் இந்த விவாதத்தைக் கெடுக்கிறது. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் நடுவே, பண்ணாரியிலிருந்து 27 கொண்டை ஊசி வளைவுகள் ஏறித் திம்பம் வழியாகக் கர்நாடகம் போகும் நெடுஞ்சாலையைப் பார்த்தால் இது விளங்கும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2022 பிப்ரவரி 10 முதல் அங்கே இரவுப் போக்குவரத்துக்குத் தடை வந்தது. இருட்டில் வண்டியில் அடிபட்டுச் சாகும் சிறுத்தைக்கும் மானுக்கும் அது தேவையான தடை. ஆனால் அந்தச் சாலையை நம்பியிருக்கும் தாளவாடி மலை விவசாயிகள் தெருவுக்கு வந்து போராடினார்கள். காய்கறியை இரவில் ஏற்றி விடிவதற்குள் சந்தை சேர்ப்பது அவர்கள் பிழைப்பு. பின்னர் உள்ளூர் வாகனங்களுக்குத் தளர்வும் கனரக வாகனங்களுக்குக் கட்டுப்பாடும் வந்தன.

இங்கே இருப்பவர்கள் மூன்று தரப்பினர். காட்டில் வாழும் விலங்கு, காட்டோரத்தில் வாழும் மனிதர், காட்டைக் கடந்து மட்டும் போகும் சரக்கு. மூன்றாவது தரப்புக்குத்தான் சாலையால் லாபம் அதிகம், இழப்பு ஏறக்குறைய இல்லை. பெரிய லாரி சுற்றுப்பாதையில் போனால் கூடும் டீசல் செலவு ஆயிரக்கணக்கான நுகர்வோர் மீது சில பைசாக்களாகப் பரவிவிடும். தாளவாடிக்காரரின் ஒரு லோடு முட்டைக்கோஸ் வாடினால் அந்த இழப்பு முழுவதும் ஒரே குடும்பத்தின் தலையில் விழும். யானையோடு பக்கத்தில் வாழும் சுமையை ஏற்கெனவே தாங்குபவர் மீதே பாதுகாப்பின் செலவையும் ஏற்றுவது அநியாயம். எவர் வேகத்துக்காகச் சாலை அகலமாகிறதோ அவர் கையிலிருந்துதான் அந்தச் செலவு வர வேண்டும்.

வர முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. கன்னியாகுமரியில் முடியும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, மத்தியப் பிரதேச-மகாராஷ்டிர எல்லையில் பெஞ்ச் புலிகள் காப்பகக் காட்டைக் கடக்கிறது. அதை நான்குவழியாக்க நினைத்தபோது வழக்குகள் நடந்தன, வேலை தாமதமானது, கடைசியில் மகாராஷ்டிரப் பகுதியில் மட்டும் விலங்குகள் கடக்க ஒன்பது அமைப்புகள் கட்டப்பட்டன. மேலே வண்டி, கீழே காடு. 2019-இல் இந்திய வனவிலங்கு நிறுவனம் அங்கே பொருத்திய தானியங்கிக் கேமராக்களில் 18 வகை விலங்குகள் பதிவாயின. அந்தப் படங்களில் 11 தனித்தனிப் புலிகளும் உண்டு. அந்தச் செலவைச் சாலைத் திட்டமே ஏற்றது. ஆனால் வழக்குப் போட ஆள் இல்லாத காடுகளின் கதி என்ன என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இந்த வெற்றியிலும் ஓர் அபாயம் ஒளிந்திருக்கிறது. அடியில் பாதை விட்டுவிட்டோம், இனி எந்தக் காட்டையும் பிளக்கலாம் என்ற துணிச்சல் வந்துவிடும். பாலத்தடியில் புலி நடக்கும், சிங்கவால் குரங்கு நடக்காது. அதற்கு மரக்கிளை மரக்கிளையைத் தொட வேண்டும். வால்பாறை புதுத்தோட்டத்தில் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டிய தொங்கு பாலங்களில் அவை கடக்கின்றன. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அறுந்துபோன காட்டுக்குப் போட்ட ஒட்டு அது. காட்டைச் சுற்றிப் போக வழி இருக்கிறதா என்ற கேள்விக்கு உண்மையான பதில் கிடைத்த பிறகே பாலத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

திறப்பு விழாவுக்குப் பிந்தைய பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு, வேலை நடக்கும் அந்த இரண்டு மூன்று ஆண்டுகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வெடி வைக்கும் அதிர்வு, இரவெல்லாம் எரியும் விளக்கு, வெட்டிய மண்ணையும் பாறையையும் சரிவில் உருட்டிவிட்டு ஓடையை மூடும் டிப்பர், வேலி போடாமல் விட்ட குழி என்று பெரும் சேதம் அப்போதே நடந்துவிடுகிறது. தார் போடவும் ஜல்லி கொட்டவும் தொலைதூர மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் காட்டோரம் தகரக் கொட்டகையில் தங்குவார்கள். சமைக்க எரிவாயு தரப்படாவிட்டால் விறகுதான் கதி. விறகோடு பிடிபட்டால் வழக்கு அந்தத் தொழிலாளி மீதுதான் பாயும். அவரை அங்கே குடிவைத்த ஒப்பந்ததாரரின் பெயர் அதில் இருக்காது. தாளவாடியில் நடந்த அநியாயத்தின் இன்னொரு முகம் இது. எரிவாயு உருளையின் விலை, கழிவு மண்ணைக் காட்டுக்கு வெளியே கொண்டுபோகும் லாரி வாடகை, யானை நடமாடும் மாதங்களில் வேலையை நிறுத்திவைப்பதால் வரும் நஷ்டம் ஆகிய மூன்றும் ஒப்பந்தப் புள்ளியிலேயே தனித்தனி இனமாக இடம்பெற வேண்டும். அவற்றைச் செய்யாதவருக்குப் பில் தொகை பாஸ் ஆகக் கூடாது.